லாண்ட்மாஸ்ரர் கண்ட பொறியியலாளர்

நம்மூரில் இருசில்லு உழவு இயந்திரத்துக்கு வழங்கும் பெயர் 'லாண்ட்மாஸ்ரர்' என்பதாகும். அது ஜப்பானிலே செய்யப்பட்டதாயினும் சீனத்திலிருந்து கப்பலேறி வந்ததாயினும், அதன் நெற்றியிலே வேறெந்தக் கம்பனியின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தாலும், உருத்திரபுரத்துக் கமக்காரனுக்கு அது லாண்ட்மாஸ்ரரேதான். எட்டாம் வாய்க்காலிலும் பத்தாம் வாய்க்காலிலும் சின்னஞ்சிறு பிள்ளைகள் கூட அச்சொல்லைத் தமிழ்ச் சொல்லென்றே எண்ணிப் பேசுகின்றனர். அப்பெயர் எங்கிருந்து வந்தது, அதன் பின்னால் நின்ற மனிதர் யார் என்று நம்மில் எத்தனை பேர் ஒருநாளாவது சிந்தித்திருக்கிறோம்?

யான் பாதிரிமார் தாபித்த ஒரு பாடசாலையிலே கல்வி கற்றவன். நீராவி இயந்திரம் என்றால் ஜேம்ஸ் உவாட் என்றும், மோட்டார் வண்டி என்றால் ஹென்றி போர்ட் என்றும், ஆகாய விமானம் என்றால் ரைட் சகோதரர் என்றும் மனனஞ் செய்து பரீட்சையில் எழுதினோம், புள்ளிகளும் பெற்றோம். ஆனால் பாடசாலை மதிலுக்கு அப்பால், நெல் மூடைகளையும் சில வேளைகளில் மணமக்களையுங் கூடப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு ஓசையெழுப்பிச் சென்ற அந்த வாகனத்தின் வரலாற்றில் இந்நாட்டிலே பிறந்த ஒருவரின் பெயரும் இருக்கிறது என்பதை எவரும் எமக்குச் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை. பல்கலைக்கழகம் புகுந்து, நூலகத்தில் வேறெதையோ தேடியபோதுதான் றே விஜயவர்த்தனா என்ற பெயரை முதன்முதல் கண்டேன்.

அன்னாரின் புகழைப் பாடுவதற்காக மாத்திரம் இக்கட்டுரை எழுதப்படவில்லை. ஒரு பொருளைக் கண்டுபிடித்துப் பெயரும் புகழும் பெற்றவர் உலகிற் பலர். தாம் கண்டுபிடித்த பொருளையே பின்னர் எதிரில் நிறுத்தி, 'நான் செய்தது சரிதானா?' என்று பலரறியக் கேட்டவர் மிகச் சிலர். அந்தச் சிலருள் ஒருவர் விஜயவர்த்தனா. அவர் கேட்ட கேள்வி நம்முடைய வயல் வரம்பிலே இன்றும் நின்றுகொண்டிருக்கிறது. ஆதலின், முதியோரும் இளைஞரும் சற்றுப் பொறுமையோடு இதனைப் படிக்குமாறு வேண்டுகிறேன்.

சேறும் எருமையும்

கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளம் கட்டும் வேலை 1902ஆம் ஆண்டிலே தொடங்கியது. யாழ்ப்பாணத்துச் சனநெருக்கத்தையும் வேலையில்லாத் திண்டாட்டத்தையும் குறைக்கும் நோக்கோடு 1936ஆம் ஆண்டளவில் கிளிநொச்சியிற் குடியேற்றத் திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. காடு வெட்டிக் களனி திருத்திய அக்காலத்து மக்களுக்கு இருந்த துணை மூன்று: மண்வெட்டி, கத்தி, எருமை.

நெல்வயலை ஏன் சேறாக்குகிறோம் என்பதை ஈண்டுச் சிறிது விளக்குதல் வேண்டும். பின்னர் வரும் செய்திக்கு அது அடிப்படை. மண்ணை நீரோடு கலந்து மிதிக்கும்போது, அடிமண் இறுகி நீர் கீழே வடிவது குறைகிறது. களைகள் சேற்றுள் அமிழ்ந்து அழுகுகின்றன. மேலே நிற்கும் நீர் புதுக்களை முளையாமற் காக்கின்றது. எனவே வயலுழவின் பயனிலே பெரும்பங்கு நீரைக் காத்தலும் களையை அடக்குதலுமேயாகும். இவ்வேலைக்கு எருமையைப் போல் ஏற்ற பிராணி வேறில்லை. அகன்ற குளம்பும் சேற்றை விரும்பும் இயல்பும் அதற்கு இயற்கை அளித்த கருவிகள். பகலெல்லாம் உழைத்து, மாலையிற் குளத்திலே கிடந்து, வைக்கோலையும் புல்லையும் தின்று, பாலும் எருவும் கன்றுந் தந்தது அது.

ஆயினும் எருமை மெதுவாக நடப்பது. மழை பிந்தி வந்து, காலபோகத்துக்கு நாள் நெருங்கும்போது, உழவு பிந்தினால் விதைப்பும் பிந்தும். விதைப்புப் பிந்தினால் அறுவடை நேரத்தில் மழையோ வரட்சியோ குறுக்கிடும். எருமை இல்லாத ஏழைக் கமக்காரன், உள்ளவனுடைய முறை முடியும்வரை காத்திருத்தல் வேண்டும். நாலுசில்லு டிராக்டர் வந்தபோது பெரிய கமங்களுக்கு அது உதவியது. ஆனால் சிறு துண்டு வயலிலே அது திரும்ப இடமில்லை. ஆழச்சேற்றிற் புதைந்தால் அதனை மீட்க ஊரே கூடவேண்டும். அதன் விலையோ குடியேற்ற விவசாயிக்கு எட்டாக் கனி. எருமைக்கும் பெரிய டிராக்டருக்கும் இடையிலே ஒரு வெற்றிடம் இருந்தது என்க. அவ்வெற்றிடத்தை நிரப்ப வந்ததே லாண்ட்மாஸ்ரர்.

சுழலும் கொழு

எந்தக் கண்டுபிடிப்பும் ஒருவர் தலையில் மாத்திரம் உதிப்பதில்லை. சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த கொன்றாட் வொன் மெயன்பேர்க் என்பவர், 1910ஐ ஒட்டிய ஆண்டுகளிலே, மண்ணைப் புரட்டும் கலப்பைக்குப் பதிலாகச் சுழன்று கொத்தும் பற்களை எண்ணிப் பார்த்தார். அதே காலத்தில், பூமியின் மறுகோடியில், அவுஸ்திரேலியாவின் கில்கண்ட்றா என்ற ஊரிலே, ஆதர் கிளிபோர்ட் ஹோவார்ட் என்ற கமக்கார இளைஞர் 1912ஆம் ஆண்டில் தம் தந்தையின் பண்ணையிற் பரிசோதனை செய்யத் தொடங்கினார். வேகமாகச் சுழலும் கத்தி மண்ணைப் பக்கவாட்டில் வீசியெறிந்தது கண்டு, கத்தியின் நுனியை முழங்கை போல் மடித்து அக்குறையை நீக்கினார். 1920இல் அதற்கு உரிமைப் பத்திரமும் பெற்றார். இன்று நம்மவர் 'றோட்டவேற்றர்' என்று வழங்கும் கருவி அவ்வழி வந்ததே.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின், சின்னஞ்சிறு வயல்களும் வேலையாட் பஞ்சமும் உடைய ஜப்பான் இத்துறையில் முன்வந்தது. 1947ஆம் ஆண்டிலே குபோட்டாக் கம்பனி சிறிய உழவு இயந்திரத்தை உருவாக்கியது. இங்கிலாந்திலோ, தோட்டங்களைக் கொத்துதற்கான கைபிடி இயந்திரங்கள் செய்யப்பட்டன. ஆனால் தோட்டத்து உலர்மண் வேறு. வெப்பநாட்டு வயற்சேறு வேறு. அந்தச் சேற்றை அறிந்த ஒருவர் தேவைப்பட்டார்.

இளமையும் கல்வியும்

பிலிப் றேவத விஜயவர்த்தனா, 1924ஆம் ஆண்டு ஓகஸ்ட் 20ஆந் திகதி பிறந்தவர். செல்வமும் செல்வாக்கும் மிக்க சிங்களக் குடும்பத்தினர். கல்கிசைச் சென். தோமஸ் கல்லூரியிற் கற்று, பின் இங்கிலாந்து சென்று கேம்பிறிட்ஜ் சர்வகலாசாலையின் பீற்றர்ஹவுஸ் கல்லூரியிலே விமானப் பொறியியல், இயந்திரப் பொறியியல், விவசாயப் பொறியியல் ஆகியவற்றைப் பயின்றார். பிற்காலத்தில் அமெரிக்காவின் ஹாவார்ட் சென்று வணிக நிர்வாகமும் கற்றார்.

விமானப் பொறியியல் கற்றவர் வயலுக்கு வருவானேன் என்று சிலர் வினவக் கூடும். வானிற் பறப்பதில் அவருக்கிருந்த காதல் இறுதிவரை தணியவில்லை. சிறிய இலேசான விமானங்களையும் சுழலிறகு ஊர்திகளையும் தம் கையாலேயே அமைத்து, தாமே ஓட்டிப் பரிசோதித்தவர் அவர். பாய்க்கப்பற் போட்டியிலே 1968ஆம் ஆண்டு மெக்சிக்கோ ஒலிம்பிக் விழாவில் இலங்கையின் சார்பாகக் கலந்துகொண்டார். ஆனால் விமானம் அமைப்போர் கற்கும் முதற்பாடம், பாரத்தைக் குறைத்தல் என்பது. வேண்டாத ஓர் இறாத்தல் இரும்பும் விமானத்திற் கூடாது. சேற்றில் ஓடும் வாகனத்துக்கும் அதுவே விதியன்றோ? பாரமான டிராக்டர் சேற்றிற் புதைகிறது. இலேசானது மிதந்து செல்கிறது. வானிலே கற்ற பாடம் வயலுக்கும் பொருந்துவதைக் காண்கிறோம்.

இருசில்லு இயந்திரம்

வெப்பநாட்டுச் சிறு விவசாயிக்கு உகந்த இருசில்லு உழவு இயந்திரத்தை விஜயவர்த்தனா வடித்தது 1955ஆம் ஆண்டளவிலே. இங்கிலாந்தின் நொட்டிங்காம் பகுதியிலிருந்த லாண்ட்மாஸ்ரர் கம்பனி அதனைத் தயாரித்தது. ஆசிய, ஆபிரிக்க நாடுகள் பலவற்றுக்கும் அது சென்றது. அதனை விளக்கிக் காட்டவும் பழக்கவும் அவரும் நாடு நாடாகச் சென்றார்.

அதன் அமைப்பு மிக எளிமையானது. ஓர் அச்சு, இரண்டு சில்லு, முன்னே எஞ்சின், பின்னே நீண்ட இரு கைபிடிகள். உழுபவன் எருமைக்குப் பின் நடந்தது போலவே அதற்குப் பின்னும் நடக்கிறான். பலகையும் பொத்தானும் நிறைந்த புதுமை ஏதுமில்லை. ஏர் பிடித்துப் பழகிய கை, இதனையும் பிடித்துக்கொள்ளும். சேற்றிலே இறங்கும்போது இறப்பர்ச் சில்லைக் கழற்றி இரும்புக் கூட்டுச் சில்லைப் பூட்டலாம். அது சேற்றை மிதித்துக் குழைத்து முன்னேறும். பின்னாற் சுழலும் பற்கள் களையையும் மண்ணையும் கலக்கும். வயல் வேலை முடிந்ததும் பெட்டியைக் கொழுவினால் வண்டி. வாரை மாட்டினால் நீர் இறைக்கும் பம்பிக்கும் சூடு தூற்றும் விசிறிக்கும் அதுவே உந்துவிசை. ஒரே இயந்திரம் வயலிலே எருமை, தெருவிலே மாட்டுவண்டி, தோட்டத்திலே துலா என மூன்றின் வேலையையும் செய்தது.

இதனால் விளைந்த நன்மையை யாரும் மறுக்கவொண்ணாது. எருமை கொண்டு பல நாள் உழும் துண்டை ஓரிரு நாளில் உழ முடிந்தது. உழவு விரைந்ததால் மழையைத் தவறவிடாமல் விதைக்க முடிந்தது. இயந்திரம் உள்ளவன் அயலவனுக்குக் கூலிக்கு உழுது கொடுத்தான், இல்லாதவனும் பயன்பெற்றான். ஏர் பிடிக்க நாணிய படித்த வாலிபரும் இதனை ஓட்ட முன்வந்தனர். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வன்னியிலே கமஞ் செய்ய வந்த இளைஞர்களுக்கு இது வெறும் இயந்திரமன்று; தலைநிமிர்வு.

எங்கள் வீட்டு லாண்ட்மாஸ்ரர்

இவ்விடத்தில் எங்கள் குடும்பத்துக் கதை ஒன்றைச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். பெரிய கதையன்று, இம்மண்ணிலே பல வீடுகளில் நடந்ததுதான்.

என் பூட்டனார் எருமை வைத்து உழுதவர். அறுபதுகளின் பிற்பகுதியில், மகனின் (அதாவது என் அப்பப்பாவின்) வற்புறுத்தலுக்கு இணங்கி, எருமைகளை விற்று, கையிலிருந்த நகையையும் ஈடுவைத்து, பாவித்த லாண்ட்மாஸ்ரர் ஒன்றை வாங்கினார். அன்று அதற்குச் சந்தனம் வைத்து மாலையிட்டு, முதற் சால் ஓட்டியதை அப்பப்பா இன்றும் கண்கள் மின்னச் சொல்லுவார். அந்த இயந்திரமும் அதன் பின் வந்த மற்றொன்றும் அக்குடும்பத்தின் பிள்ளைகளைப் படிப்பித்தன, கிணறு கட்டின, ஒரு சகோதரியைக் கரைசேர்த்தன.

பின்னர் யுத்தம் வந்தது. 1990ஆம் ஆண்டு முதல் வடபகுதிக்கு எரிபொருள் முதலிய பொருட்கள் வருவது தடைப்பட்டபோது, டீசல் போத்தற் கணக்கில் விற்கப்பட்டது. வீட்டுவாசலில் இயந்திரம் நின்றது. ஓடுவதற்குப் பானம் இல்லை. அப்போதுதான் ஊரிலே சிலர் மீண்டும் மாடு தேடத் தொடங்கினர் என்று அப்பப்பா கூறுவார். ஆனால் ஏர் பூட்டிப் பழகிய மாடு எங்கே? நுகம் செய்யும் ஆசாரி எங்கே? எருமையை அதட்டி வழிநடத்தத் தெரிந்த கிழவர்கள் எத்தனை பேர் எஞ்சியிருந்தனர்?

2008ஆம் ஆண்டின் இறுதியிலே உருத்திரபுரத்து மக்கள் யாவரும் கிழக்கு நோக்கிப் பெயர்ந்தபோது, எங்கள் வீட்டாரும் லாண்ட்மாஸ்ரர்ப் பெட்டியிலே அரிசி, பாய், கூரைத்தகடு, கதவு முதலியவற்றை ஏற்றி, அவற்றின் மேல் கிழவிகளையும் குழந்தைகளையும் இருத்திப் புறப்பட்டனர். அக்குழந்தைகளுள் யானும் ஒருவன், வயது ஐந்து. தருமபுரம், விசுவமடு என்று இடம் மாறிமாறிச் சென்று, டீசல் தீர்ந்த ஓரிடத்தில் அதனை வழியோரத்திலே விட்டுவிட்டு நடந்தனர். பின்னாற் சென்று பார்த்தபோது அங்கே அதன் இரும்பு கூட இல்லை.

மீள்குடியேறிய பின்பு, தவணைப் பணத்துக்கு ஒரு புதிய இருசில்லு இயந்திரம் எடுக்கப்பட்டது. போகம் பொய்த்தது, தவணை பிந்தியது, வட்டி குட்டி போட்டது, ஈற்றில் இயந்திரத்தைத் திருப்பிக் கையளிக்க நேர்ந்தது. அன்று மாலை திண்ணையிலே இருந்து அப்பப்பா சொன்ன வார்த்தை என் நெஞ்சில் ஆழப் பதிந்தது: "மாடு வித்த காசிலைதான் மிசின் வாங்கினது, மோனை. ஆனால் மிசினாலை ஒரு மாடும் திரும்பி வரேல்லை."

இதனைச் சொன்னவர் இயந்திரத்தை வெறுப்பவரல்லர். இன்றும் வீதியிலே ஒரு லாண்ட்மாஸ்ரர் போனால், ஓசையைக் கேட்டே அதன் எஞ்சினில் என்ன பழுது என்று சொல்லக் கூடியவர். ஆதலினாலேயே அவ்வார்த்தையை யான் இலேசாகக் கொள்ளவில்லை.

கண்டவரே கேட்ட கேள்வி

வியப்பு யாதெனின், எங்கள் வீட்டுத் திண்ணையிற் பிறந்த அந்த எண்ணம், அவ்வியந்திரத்தை வடித்தவரின் மனத்திலும் பல ஆண்டுகளுக்கு முன்பே பிறந்திருந்தது என்பதாம்.

தாம் எருமையை இயந்திரமாக்கினாரேயன்றி, விவசாயத்தை முன்னேற்றவில்லை என்ற கருத்தைப் பிற்காலத்தில் விஜயவர்த்தனா வெளிப்படையாகக் கூறிவந்தார். உழவைச் சுலபமாக்குதல் ஒன்று. விளைவைப் பெருக்குதல் வேறொன்று. உழவனின் கையில் மிஞ்சுவதைப் பெருக்குதல் இன்னுமொன்று. முதலாவதைச் செய்துவிட்டு மற்றவையும் தாமே நிகழும் என்று எண்ணுதல் தவறு. இயந்திரம் வந்தது, அதனோடு இறக்குமதி டீசல் வந்தது, உதிரிப்பாகம் வந்தது, கடன் வந்தது. சென்றதோ பால், எரு, கன்று. கணக்கின் ஒரு பக்கத்தை மாத்திரம் பார்த்தோர்க்கு இது முன்னேற்றம். இரு பக்கத்தையும் கூட்டிப் பார்த்தவர்க்கு இது ஒரு கேள்வி.

அவர் அத்துடன் நின்றாரல்லர். 'நாம் ஏன் உழுகிறோம்?' என்று இன்னும் அடியிலே சென்று கேட்டார். குளிர்நாட்டிலே பனிக்காலம் கழிந்தபின் உறைந்த மண்ணைப் புரட்டிச் சூரிய வெப்பம் ஏற்றவேண்டும். அங்கே உழவு இன்றியமையாதது. வெப்பநாட்டு மேட்டுநிலத்தில் அத்தேவை இல்லை. இங்கே மண்ணைப் புரட்டித் திறந்துவிட்டால், கொட்டும் மழை மேல்மண்ணை வாரிச் செல்கிறது. எரிக்கும் வெயில் மண்ணிலுள்ள உயிர்ச்சத்தைக் கருக்குகிறது. இங்கே உழவின் முக்கிய வேலை களையை அடக்குதலே. களையை வேறு வழியில் அடக்கக் கூடுமாயின், புரட்டாமலே பயிரிடலாமன்றோ?

மலேசியாவிலே விவசாய இயந்திரத் துறையிற் பணியாற்றிய பின், எழுபதுகளில் அவர் நைஜீரியா நாட்டின் இபடான் நகரிலுள்ள, 1967இல் நிறுவப்பட்ட, வெப்பவலய விவசாயத்துக்கான சர்வதேச ஆராய்ச்சி நிலையத்திற் சேவை செய்தார். அங்கே அவர் அமைத்த கருவிகளுள் ஒன்று உருண்டு விதைக்கும் சில்லு. கூரிய அலகுகள் சுற்றிவரப் பொருத்திய அச்சில்லைத் தள்ளிச் சென்றால், உழாத நிலத்தைப் போர்த்திருக்கும் சருகினூடே அலகு குத்தி இறங்கி, வாய் திறந்து, விதையை இட்டு மேலெழும். எஞ்சின் இல்லை, டீசல் இல்லை, ஒரு மனிதனின் நடையே போதும். உழவு இயந்திரத்தால் உலகப் புகழ் பெற்ற ஒருவர், உழவே வேண்டாத கருவியைச் செய்யப் புகுந்தார் என்றால், அதற்கு எத்துணை நெஞ்சத் துணிவு வேண்டும்!

நாடு திரும்பிய பின், தம் தென்னந்தோட்டத்தையே பரிசோதனைச் சாலையாக்கினார். வரிசை வரிசையாகச் சீமைக்கிளுவையை நட்டு, அதன் குழையை வெட்டி மண்ணுக்குப் போர்வையாகவும் பசளையாகவும் இட்டார். அவரை இனத்தைச் சேர்ந்த அம்மரம் காற்றிலுள்ள நைதரசனை மண்ணிலே சேர்ப்பது. சரிவுநிலத்தில் வேலியாக நின்று மண்ணரிப்பைத் தடுப்பது. அதன் விறகை எரித்து மின்சாரம் எடுக்கவும் கூடும். நம்மூர் வேலிகளிலே தன்பாட்டில் வளரும் இந்த மரத்தை, 2005ஆம் ஆண்டில் இலங்கை அரசு தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக ஏற்றது. அதற்காக இடையறாது வாதாடியவர்களுள் அவர் முன்னணியில் நின்றவர். 2002ஆம் ஆண்டு முதல் 2007ஆம் ஆண்டு வரை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக விளங்கி, 2010ஆம் ஆண்டு ஓகஸ்ட் 18ஆந் திகதி, தம் எண்பத்தாறாவது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் இருக்கையிற் காலமானார்.

நமக்கு அதனால் என்ன?

கண்டவரே கைவிட்டார் என்பதற்காக நாமும் லாண்ட்மாஸ்ரரைக் குளத்தில் தள்ளிவிட்டு எருமைக்குத் திரும்புதல் வேண்டும் என்று யான் கூறவரவில்லை. அது பேதைமை. இன்று நம் களனிகளில் எருமை கட்ட ஆள் இல்லை. மேய்ச்சற் றரையும் இல்லை. உழாப் பயிர்ச்செய்கையும் குறையற்றதன்று. அதன் ஆரம்ப முறைகள் களைகொல்லி மருந்தையே பெரிதும் நம்பியிருந்தன. நஞ்சின் விலை என்ன என்பதை இன்று உலகம் கண்டுகொண்டிருக்கிறது. மேலும், மேட்டுநிலத்துக்குச் சொன்னதை நீர் தேங்கும் வயலுக்கு அப்படியே சொல்ல முடியாது. சேறடித்தலுக்கு நீரைக் காக்கும் வேலையும் உண்டென்று முன்னரே கண்டோம்.

அவரிடம் நாம் கற்க வேண்டியது விடையையன்று, கேள்வியை. ஒரு புதிய பொருள் ஊருக்குள் வரும்போது, 'இது வேகமா?' என்று மாத்திரம் கேளாது, 'இது யாருக்கு? இதற்கு வேண்டிய தீனி எங்கிருந்து வரும்? அது நின்றுபோனால் நாம் என்ன செய்வோம்?' என்றுங் கேட்டல் வேண்டும்.

இது வீண் பயமன்று. 2021ஆம் ஆண்டிலே இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது, நம் வயல்கள் மஞ்சளித்து நின்றதைக் கண்டோம். குழையும் எருவும் இட்டு மண்ணைப் பல்லாண்டு பதப்படுத்தி வைத்திருந்தால் அந்த அடி அவ்வளவு நொந்திராது. ஆனால் ஒரே நாளிற் கட்டளை இட்டால் மண் கேட்குமா? அடுத்த ஆண்டு, 2022இல், நாட்டிலே டீசல் இல்லை. லாண்ட்மாஸ்ரரின் தாங்கியைக் கழற்றிக் கையிலே தூக்கிக்கொண்டு வரிசையில் நின்ற கமக்காரரை யான் கண்ணாற் கண்டேன். தொண்ணூறுகளில் யுத்தத்தால் வந்த அதே நிலை, சமாதான காலத்திலும் வேறு வழியாக வந்தது. இரண்டு முறை அடிபட்ட பின்னும் நாம் பாடம் படிக்கவில்லையெனின், குற்றம் காலத்தின்மேல் அன்று; நம்மேலேயாம்.

செய்யக் கூடியன சில உண்டு. மேட்டுநிலத் தோட்டங்களிலும் வேலிகளிலும் சீமைக்கிளுவையை வரிசைப்படுத்தி நட்டு, அதன் குழையை வயலுக்கு இடலாம். அறுவடையானதும் வைக்கோலைக் கொளுத்தும் பழக்கத்தை விடலாம். வீட்டுக்கு ஓர் இயந்திரம் என்று கடன்படாது, ஒரு வாய்க்காற் கமக்காரர் கூடி ஒன்றை வாங்கி முறைவைத்துப் பாவிக்கலாம்; நீர் முறையைப் பங்கிடத் தெரிந்த நமக்கு இயந்திர முறையைப் பங்கிடத் தெரியாதா? பழுதுபார்க்கும் கைவேலையை நம் வாலிபர் முறையாகக் கற்கலாம்.

முடிவுரை

இளைஞர்காள்! நம்மிற் பலர் பொறியியலும் விஞ்ஞானமும் கற்கச் செல்கிறோம். கற்று முடிந்ததும் கொழும்புக்கோ கடல் கடந்தோ போக எண்ணுகிறோம், போவதும் தவறன்று. விஜயவர்த்தனாவும் கடல் கடந்து கற்றவரே. ஆனால் கேம்பிறிட்ஜில் விமானம் கற்ற கண், சேற்றிலே நிற்கும் உழவனையும் பார்த்தது. தான் செய்தது போதாது என்று கண்டபோது, அதனை ஒளிக்காமற் சொல்லவும் அந்த நா கூசவில்லை. பட்டம் பெறுதல் எளிது. பிழையை ஏற்றல் அரிது.

பெரியோர்களே! உங்களிடமும் ஒரு விண்ணப்பம். எருமையைப் பழக்கிய விதமும், எந்தக் களைக்கு எந்தக் காலத்தில் நீர் கட்டினீர்கள் என்பதும், எந்த மரக்குழை எந்த மண்ணுக்கு ஏற்றது என்பதும் உங்களோடு மறைந்து போதலாகாது. எங்களை அழைத்து வரம்பிலே இருத்திச் சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம். ஆராய்ச்சி நிலையங்கள் தேடும் அறிவில் ஒரு பங்கு உங்கள் திண்ணைகளிலே இருக்கிறது.

சென்ற காலபோகத்தில், அயலவர் ஒருவரின் லாண்ட்மாஸ்ரரைக் கூலிக்குப் பிடித்து எங்கள் துண்டை உழுதோம். ஓட்டியவர் களைத்து நின்றபோது, கைபிடியை யான் வாங்கிச் சிறிது தூரம் ஓட்டினேன். வளைந்து வளைந்து சென்ற சாலைக் கண்டு வரம்பிலே நின்ற அப்பப்பா சிரித்தார். "எருமை எண்டால் தானாத் திரும்பும், மோனை. இதை நீதான் திருப்ப வேணும்" என்றார். இயந்திரத்தைப் பற்றி யான் படித்த புத்தகங்கள் அனைத்தும் சொல்ல வந்தது அதுதானென்று எனக்கு அப்போது தோன்றியது.